தேவானை ஏறினால் கிளம்பும்

எங்கள் நரிக்கொம்பை எஸ்டேட்டில் உறைபனிக் காலைகளில் காரைக் கிளப்புவதற்கு என் மனைவி தேவானைதான் வேண்டும் என்று ஆவதற்கு முன்னால், மலையில் பழைய கார் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதை நாங்களும் செய்துகொண்டுதான் இருந்தோம். சாயங்காலமே ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவோம், விடிந்ததும் அண்டாவில் வெந்நீர் காய்ச்சி ஊற்றுவோம், பானெட்டின் மேல் சாக்கும் சாக்கின் மேல் கிழிந்த கம்பளியும் போர்த்தி வைப்போம், டிரைவர் சூசை முன்பக்கத்து ஓட்டையில் கம்பியைச் செருகித் தோள் இறங்கும்வரை சுற்றுவார், அதற்கும் அசையவில்லை என்றால் மருந்துக்கடை வாசலிலிருந்து கோயில் வளைவுவரை இறக்கத்தில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளுவோம், வளைவில் அது ஒரு இருமல் இருமிவிட்டு நிற்கும், பிறகு எல்லோரும் சேர்ந்து மறுபடி மேலே தள்ளிக்கொண்டு வருவோம். நான் தேயிலை ஃபாக்டரியில் அடுப்புக்காரன். இலை உலர்த்தும் பெரிய அடுப்புக்கு விறகு போடுகிறவன் என்பதால் இரும்புச் சட்டி நிறையத் தணல் அள்ளி வந்து எஞ்சினுக்கு அடியில் தள்ளி வைப்பது என் பங்கு.

அந்தக் கார் மாற்றலாகிப் போன ஒரு மேனேஜர் லயத்து ஜனங்களுக்கென்று விட்டுவிட்டுப் போனது. லயம் என்றால் எங்கள் வரிசை வீடுகள். முதல் பஸ் மத்தியானம்தான் வரும் என்பதால் காலையில் யாருக்கு என்ன ஆனாலும், வலி கண்டாலும் ஜுரம் ஏறினாலும், கீழே டவுனுக்குப் போக அந்தக் காரை விட்டால் வேறு கதியில்லை, அதனால் பனி விழுகிற மாதங்களில் எங்கள் உயிரெல்லாம் அந்த எஞ்சினில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் கனகுவுக்கு வலி கண்ட காலையில், தேயிலைச் செடிகளின் மேல் உப்பு தூவியது போல உறைபனி கிடந்தது. வெந்நீர் ஊற்றினோம், தணல் வைத்தோம், சுற்றினோம், தள்ளினோம், கார் கல்லாகக் கிடந்தது. கனகு பின்சீட்டில் படுத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அவளுடைய துணிமூட்டையைக் கொடுப்பதற்காகத் தேவானை முன்கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பினாள். சூசையின் கை சாவியில் இருந்தது. கார் கிளம்பிவிட்டது. மருத்துவச்சி உட்கார இடம் வேண்டும் என்று தேவானை இறங்கிக்கொண்டாள், கார் போயிற்று, அன்றைக்கு மத்தியானமே கனகுவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது.

மறுநாளும் மல்லாடிவிட்டுக் கடைசியில் யாரோ தேவானையைக் கூப்பிட்டார்கள், உட்கார்ந்தாள், கிளம்பியது. அதற்கு மறுநாள் மல்லாடாமலே கூப்பிட்டார்கள். ராசியான பெண் என்றார்கள். கல்யாண வீடுகளில் முதல் விளக்கை ஏற்றச் சொன்னார்கள், புதுமாடு வாங்கினால் அவள் கையால் முதல் புல் கொடுக்கச் சொன்னார்கள். சூசை மட்டும், "எனக்கு ராசி எல்லாம் தெரியாது மதினி, நீங்க வந்து குந்தினா என் தோள்பட்டை தப்பிச்சுது, அவ்வளவுதான்" என்பார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவாள், முன்சீட்டில் உட்காருவாள், கார் கிளம்பும், இறங்குவாள், போகிறவர்கள் போவார்கள், அவள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒரு தடவை அவளே ஜுரத்தில் படுத்துவிட்டாள். அந்த வாரம் லயத்தில் ராசியானவர்கள் என்று பெயரெடுத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பூசாரி பெண்டாட்டி உட்கார்ந்தாள், இரட்டைப் பிள்ளை பெற்றவள் உட்கார்ந்தாள், கார் அவர்களை மதிக்கவில்லை. மேஸ்திரி மகன் குணசீலன், கண்ணாடியை ஏற்றிவிடலாம் என்று சும்மா உள்ளே ஏறினான். எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள், அவன் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனான், அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். பிறகு பள்ளிக்கூடத்து டீச்சர். இந்த மலையை விட்டு என்னால் ஒருநாள்கூட இருக்க முடியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர், டவுனுக்குப் போக ஏறி உட்கார்ந்தார், கார் ஒரே சாவியில் கிளம்பியது, மாதம் முடிவதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது, தானாகக் கேட்டு வாங்கிய மாற்றல்.

எங்கள் சங்கத் தலைவர் பெருமாள்சாமிதான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

"இது பெட்ரோல்ல கிளம்புற வண்டி இல்லப்பா. இங்கேருந்து போயிரணும்னு நெனக்கிற ஆளு உக்காந்தாத்தான் இதுக்குச் சூடு ஏறுது."

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட பிறகு எல்லோரும் ஒரு தரம் என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். எனக்குத் தணல் சட்டியின் பிடி கையைச் சுட்டது.

அதிலிருந்து லயத்தின் காலைகள் மாறிப்போயின. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஜனங்கள் காரில் ஏறினார்கள், அதற்கு முன்னால் ஏறினால் தன் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை, காப்பி கொடுப்பதற்கு முன்னால், "நம்ம காரைப் பாருங்களேன்" என்று கூட்டிப்போய் உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒரு மாமியார் மருமகளை உட்காரவைத்தாள், எஞ்சின் ஒரு முனகல் முனகிற்று, அந்த வீட்டில் அன்று தொடங்கிய சண்டை பொங்கல்வரை ஓயவில்லை. கோயில் பூசாரியைக் கேலிக்காக ஒருநாள் உட்காரச் சொன்னார்கள், "எனக்கு இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டுப் போனார், பிறகு அவரிடம் யாரும் திருநீறு வாங்கும்போது பழைய மாதிரி குனியவில்லை. தேவானை ஒருத்திதான் மறைக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை. வாசலில் வந்து, "தேவானைக்கா, கிளப்பணும்" என்று கூப்பிட்டால், தலையை முடிந்துகொண்டு போவாள்.

நான் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"உனக்கு எங்க போகணும்?"

"எங்கேன்னு தெரிஞ்சா நடந்தே போயிருப்பேன்ல."

"இங்க என்ன குறை வச்சேன்?"

"குறைன்னு இப்ப யாரு சொன்னா? குழம்புல உப்பு சரியா இருக்கா, அதைச் சொல்லுங்க."

உப்பு சரியாக இருந்தது. பிறகு அவளே சொன்னாள். சிலோன் தோட்டத்திலிருந்து அவளைப் பாவாடை சட்டையோடு கப்பலேற்றினார்கள், மண்டபம் முகாமில் வைத்தார்கள், ரயிலேற்றினார்கள், லாரியேற்றினார்கள். "லாரி நின்னுச்சு. எறங்குன்னாங்க, எறங்கினேன். வந்து சேந்துட்டோம்னு மட்டும் யாரும் சொல்லவே இல்லீங்க." அவ்வளவுதான் சொன்னாள். தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

நான் அதற்குப் பிறகும் தணல் கொண்டு போவதை நிறுத்தவில்லை. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை, சூசைகூட ஒருநாள், "எதுக்கு வேலாயுதண்ணே வீணா கையைச் சுட்டுக்கிறீங்க" என்று கேட்டார். நான் சட்டியை எஞ்சினுக்கு அடியில் தள்ளி வைத்தேன். கீழே தணல் இருந்தால், கார் கிளம்பும்போது அது எதனால் கிளம்பியது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது அல்லவா.

வருஷங்கள் போயின. ஒரு மார்கழியில் தேவானை உட்கார்ந்த பிறகும் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது. லயத்தில் கலவரமாகிவிட்டது. பெருமாள்சாமி சங்கத்தைக் கூட்டினார். போன மாதம் அவளை ஒரு கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் கூட்டிப்போனதுதான் தப்பு என்று முடிவாயிற்று. ஊரைப் பார்த்துவிட்டாள், ஆசை கொஞ்சம் தீர்ந்துவிட்டது. இனிமேல் அவளை எங்கேயும் கூட்டிப்போகக் கூடாது. பழனிக்குப் போனவர்கள் அவளை விட்டுவிட்டுப் போனார்கள். கோயில் திருவிழாவுக்குக் கீழே போனவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். அவளுடைய சொந்தச் சித்தி மகள் கல்யாணத்துக்கு அவளுக்கு இடமில்லை என்றார்கள். ஆனால் போய்விட்டு வந்தவர்கள் எல்லோரும் நேராக எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள், வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள், ரயில் எவ்வளவு நீளம் இருந்தது என்று சொன்னார்கள், ஸ்டேஷனில் எத்தனை விதமான ஜனம் என்று சொன்னார்கள், கடலைப் பார்த்தவர்கள் கடலைச் சொன்னார்கள். கப்பல் படம் போட்ட காலண்டரைக் கொண்டுவந்து எங்கள் சுவரில் அவர்களே ஆணியடித்து மாட்டினார்கள். கட்டிப் போட்ட மாட்டுக்கு எட்டாத தூரத்தில் புல்லைக் காட்டுகிற வேலை அது, ஆனால் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, எல்லோர் வீட்டிலும் வயசானவர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள்.

கார் மறுபடியும் ஒரே சாவியில் கிளம்பியது. தேவானைக்குத்தான் உட்கார முடியவில்லை. துணியை மடிப்பாள், உதறுவாள், மறுபடி மடிப்பாள். கொழுந்து பறிக்கும்போது அவளுடைய செடி நிரை மட்டும் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், மேஸ்திரி பின்னாலிருந்து கத்துவார். தூங்கும்போதும் அவள் கால் கம்பளிக்குள் நடந்துகொண்டே இருக்கும், நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அது எங்கே போகிறதோ என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதற்கடுத்த தையில் ஒரு காலை. குழாய்த் தண்ணீர் கம்பி மாதிரி உறைந்து நின்றது. பெருமாள்சாமியின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், பின்சீட்டில் கிழவரை உட்காரவைத்துக் கம்பளி சுற்றியிருந்தார்கள். தேவானை வந்தாள், உட்கார்ந்தாள், கார் கிளம்பியது. பெருமாள்சாமி வழக்கம்போல முன்கதவைத் திறந்தார்.

"எறங்கு தாயி."

"இல்லண்ணே. நான் எறங்கல."

"என்னது?"

"நான் எறங்கல. போறேன்."

"எங்க போற?"

"கார் போற வரைக்கும் போறேன். அதுக்கப்புறம் பஸ்ஸு இருக்கு."

பெருமாள்சாமி சிரிக்கப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. "நீ போயிட்டா நாளைக்கு யாரு கிளப்புறது?" என்றார் ஒருவர். "நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பண்ணாதே" என்றார் இன்னொருவர். பின்சீட்டிலிருந்து கிழவர், "எனக்குக் கண்ணு தெரியாட்டியும் பரவால்ல, யாராச்சும் கதவைச் சாத்துங்கடா, குளிருது" என்றார். அப்போதுதான் கனகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், அந்தக் காரில் போன வலியில் பிறந்தவன், இப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு, பனிக்காலம் வந்தால் மூச்சு இழுக்கும்.

"அக்கா, எம்புள்ளைக்கு இழுப்பு வருமேக்கா. நீ இல்லாட்டி நான் யாருகிட்ட போவேன்?"

"தெரியும் கனகு" என்றாள் தேவானை. "எனக்குத் தெரியாம இருக்குமா?"

ஆனால் அவள் இறங்கவில்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. புருஷன் சொன்னா கேப்பா."

"ஒரு சத்தம் போடுங்க வேலாயுதண்ணே."

தணல் சட்டியைக் கீழே வைத்தேன். அந்தக் கார்க் கதவை வெளியிலிருந்து கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் பூட்டு விழும். கிட்டப் போனேன். என் கழுத்தில் இருந்த மப்ளரை எடுத்து அவள் மடியில் போட்டேன். கதவைத் தூக்கித் தள்ளினேன். பூட்டு விழுந்தது.

"பருப்பு ஊறப்போட்டிருக்கேன். மறந்துராதீங்க" என்றாள்.

சூசை என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், கார் போயிற்று.

சாயங்காலம் கார் திரும்பி வந்தது, அவள் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதாகச் சூசை சொன்னார், எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்று கேட்டேன், பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன் என்றார்.

அவள் இல்லாத அந்தப் பனிக்காலத்தை லயம் பல விதமாகச் சமாளிக்கப் பார்த்தது. நிறைமாதக் கர்ப்பிணிகளை முன்கூட்டியே டவுனில் சொந்தக்காரர் வீடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். ஊரை விட்டு ஓட நினைக்கிறவன் என்று பெயரெடுத்த ஒரு வாலிபனைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்தார்கள், அவன் உட்கார்ந்ததும் கார் கிளம்பியது, அவன் இறங்க மாட்டேன் என்றுவிட்டான், காரோடு போனவன் போனவன்தான், அவனுடைய அம்மா மூன்று மைல் நடந்து வந்து பெருமாள்சாமி வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். பிறகு ஒவ்வொருவராக இரகசியமாக வந்து காரில் உட்கார்ந்து பார்த்தார்கள், தங்களுக்கு ஆசை இருந்தால் நல்லது என்கிற அளவுக்கு நிலைமை வந்துவிட்டது, ஆனால் ஆசை இருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். நான் இரண்டு சட்டி தணல் கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அது எப்போதுமே தணலால் கிளம்பியதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

என்னிடம் பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். பேசியவர்கள், "என்ன, லெட்டர் கிட்டர் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார்கள். மத்தியானப் பஸ் வரும்போது நான் வாசலுக்குப் போவதில்லை. ஆனால் வளைவில் அது கியர் மாற்றுகிற சத்தம் கேட்டதும் ஃபாக்டரி அடுப்பில் விறகைப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன், பஸ் நின்று, கதவு திறந்து, மூடி, திரும்பிப் போகும்வரை நிற்பேன், பிறகு போடுவேன்.

கனகுவின் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. கார் கிளம்பவில்லை. பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஆள் மாற்றி ஆள் குறுக்குப் பாதையில் ஓடினோம், நானும் தூக்கினேன், அவனுடைய மூச்சு என் கழுத்தில் விசில் மாதிரி ஊதிக்கொண்டிருந்தது, பாதி மலையில் பால் லாரி ஒன்று அகப்பட்டது. பிழைத்துக்கொண்டான். திரும்பி வந்த கனகு நேராக என்னிடம் வந்தாள்.

"செத்திருந்தா உங்க வாசல்லதான் கொண்டாந்து போட்டிருப்பேன். உங்களைத்தான் கேட்டிருப்பேன், அவளை இல்ல."

"சரிம்மா" என்றேன்.

மாசி பிறந்தும் பனி விடாத ஒரு நாளில், பஸ் நின்றது, கதவு திறந்தது, மூடியது, போயிற்று. நான் விறகைப் போட்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தேவானை அரிசி களைந்துகொண்டிருந்தாள். செருப்பு தேய்ந்து பட்டையாகியிருந்தது, தலைமயிர் உப்புக்காற்றில் சிக்குப் பிடித்துக் கிடந்தது, என் மப்ளரை இடுப்பில் கட்டியிருந்தாள்.

"பருப்பு என்னாச்சு?" என்றாள்.

"கடைஞ்சு தின்னேன். கொஞ்சம் கருகிருச்சு."

"அதானே."

சோறு போட்டுவிட்டுத்தான் சொன்னாள். "மண்டபம் வரைக்கும் போனேன். முகாம் இருந்த எடத்துல இப்ப வேற யாரோ இருக்காங்க. கடல்கிட்டப் போயி நின்னேன். அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. ரெண்டு மூணு ஊரு பாத்தேன், ஒரு ஓட்டல்ல பாத்திரம் தேச்சேன். எல்லா ஊர்லயும் சனங்க இருக்காங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ் ஏறிட்டேன்."

என்னைப் பார்க்க வந்தாளா, கனகுவின் பிள்ளையை நினைத்து வந்தாளா, போக இடமில்லாமல் வந்தாளா என்று கேட்க வாய்வரை வந்தது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையை டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டிய நாள். செடிகள் வெளுத்துக் கிடந்தன. லயம் முழுக்க வாசலில் நின்றது. சொல்லி வைத்தாற்போல ஒருவரும் அவளைப் போய்க் கூப்பிடவில்லை.

"இனிமே எங்க? அதான் ஊரெல்லாம் சுத்திட்டாளே" என்றார் பெருமாள்சாமி. "ஆசை தீந்திருக்கும். கயிறு கொண்டாங்க, கட்டி இழுத்துப் பாப்போம்."

"நீ வாயை மூடிட்டு நில்லுண்ணே" என்றாள் கனகு.

தேவானை தானாகவே வந்தாள். கார் கிளம்பினால் அவள் இன்னும் போகத்தான் விரும்புகிறாள் என்று அர்த்தம். கிளம்பாவிட்டால் அவள் என்னோடு இருந்துவிட்டாள் என்று அர்த்தம், கனகுவின் பிள்ளையை மறுபடியும் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றும் அர்த்தம். கோயில் பக்கம் திரும்பி எதையாவது வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், எதை வேண்டுவதென்று தெரியவில்லை, திரும்பிக்கொண்டேன்.

அவள் உட்கார்ந்தாள். சூசை சோக்கை இழுத்தார். சாவியை அவர் முழுக்கத் திருப்பக்கூட இல்லை. அந்தக் கார் அதற்கு முன்னால் எந்தக் காலையிலும் கிளம்பாத மாதிரிக் கிளம்பியது, பானெட்டில் உறைந்திருந்த பனி தகடு தகடாக விழுந்தது, சீகைமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன, சத்தம் எதிர்மலையில் போய் முட்டித் திரும்பி வந்தது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். கத்திவிட்டு, பழைய மாதிரியே, எல்லோரும் ஒரு தரம் என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

கதவைத் திறக்கப் பெருமாள்சாமி வரவில்லை. யாரும் வரவில்லை. பிள்ளையோடு கனகு காருக்கு வெளியே நின்றாள், இறங்கு என்று சொல்லவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தேவானை முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், அவள் முழங்கால்கள் எஞ்சினோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன, ரோடு கோயில் வளைவில் திரும்பிக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

பிறகு அவளே கதவைத் திறந்தாள்.

அத்தனை வருஷமும் அவள் ஏறுவதைத்தான் லயம் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறினாள் என்றால் கார் கிளம்புமா என்று கேட்போம், கிளம்பியதும் எங்கள் கண்ணெல்லாம் காரோடு போய்விடும். அன்றைக்குத்தான் அவள் இறங்குவதைப் பார்த்தேன். இடது காலை முதலில் வெளியே வைத்தாள். பனியில் வழுக்காமலிருக்கக் கூரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு நிமிஷம் நின்றாள், உள்ளே இருந்த காலை எடுப்பதற்கு அவளுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று, பாறையைப் புரட்டுகிறவள் மாதிரி மூச்சைப் பிடித்து அதை எடுத்தாள்.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டாள்.

"என்ன, புதுசா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "பாத்து எறங்கு."